முதலில் பேச வேண்டிய இடத்தில் டாப் பேர்: பெட்டா, செக்கா, செக்-ரெய்ஸா?

போக்கர் (டெக்ஸஸ் ஹோல்டெம்) ஆட்டம். பிளைண்ட் (ஸ்மால், பிக் என்று இருவர் சீட்டு வரும் முன்பே கட்ட வேண்டிய தொகை) 50/100. எல்லார் முன்னாலும் 10,000 சிப். பிக் பிளைண்டுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்பேட் ராஜா, ஆர்ட்டின் ராணியோடு 400க்கு ரெய்ஸ் செய்கிறீர்கள், அதாவது தொகையை ஏற்றுகிறீர்கள். மற்றவர்கள் ஃபோல்டு, சீட்டைப் போட்டுவிட்டு விலகுகிறார்கள். பட்டனில் (ஃப்ளாப்பிலிருந்து கடைசியாகப் பேசும் இடம்) இருப்பவர் மட்டும் தட்டிலிருந்த கடலையை மென்றபடியே கால் போடுகிறார், அதே தொகையை நடுவில் சேரும் பாட்டில் போடுகிறார். பாட் 950. ஃப்ளாப்பில் (எல்லாருக்கும் பொதுவாக நடுவில் விழும் முதல் மூன்று சீட்டு) டைமண்ட் ராஜா, கிளாவர் 8, டைமண்ட் 5. டாப் பேர் (நடுவில் கிடக்கும் பெரிய சீட்டோடு ஜோடி), நல்ல கிக்கர் (ஜோடி சேராத மற்ற சீட்டு). ஆனால் ஃப்ளாப், டர்ன் (நாலாவது பொதுச் சீட்டு), ரிவர் (ஐந்தாவது) மூன்றிலும் அவருக்கு முன்னால் வாய் திறக்க வேண்டியவர் நீங்கள்.

பெங்களூரில் பெல்லந்தூரிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வார இறுதியில் கூடும் நம் ஆட்களின் டேபிள்களில் அதிகம் சிப் கரைவது இந்த இடத்தில்தான். ஜோடியே விழாத கையில் யாரும் பெரிதாகத் தோற்பதில்லை. செட் (கையிலுள்ள ஜோடியோடு அதே சீட்டு மூன்றாவதாக) விழுந்தால் என்ன செய்வதென்று எல்லாருக்கும் தெரியும். டாப் பேர்தான் இரண்டுங்கெட்டான். சிலர் பயந்துபோய் மூன்று சுற்றும் செக் செய்து (எதுவும் கட்டாமல் விட்டு), வாங்க வேண்டியதை வாங்காமல் விடுகிறார்கள். சிலர் கட்டிக்கொண்டே போய், எதிராளி ரெய்ஸ் செய்த பிறகும் விடமாட்டேன் என்று மொத்த ஸ்டாக்கையும் தள்ளுகிறார்கள்.

முன்னால் இருக்கும் வழிகள் மூன்று: நாமே பெட் கட்டிக்கொண்டு போவது, செக் செய்து கால் போடுவது, செக் செய்துவிட்டு அவர் கட்டியதும் ரெய்ஸ் அடிப்பது. ஃப்ளாப்புக்கு முன்பே எடுக்க வேண்டிய நாலாவது முடிவு ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம். கீழே வரும் எண்கள் எல்லாம் சிப் கணக்கு.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

எதிராளி யார் என்பதுதான் பாதி விடை. பொழுதுபோக்குக்கு ஆடுபவர்கள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. நம் டேபிள்களில் மூன்று ரகம் உண்டு.

ஷோ கேட்பவர். மூணு சீட்டில் வளர்ந்தவர். அங்கே கடைசி இருவர் மிஞ்சினால் காசு கட்டி ஷோ கேட்பது வழக்கம். அதே பழக்கத்தில் ரிவரில் கால் போடுவதையும் ஷோவுக்கான கட்டணமாகத்தான் நினைக்கிறார். "ஷோ மாடி குரு" (காட்டுங்க குரு) என்று கன்னடத்தில் சொல்லிச் சிப்பைத் தள்ளுவார். கையில் இரண்டாம் ஜோடி இருக்கும், சில நேரம் வெறும் ஆஸ்தான் இருக்கும். தானாகப் பெரும்பாலும் கட்டமாட்டார், நீங்கள் கட்டினால் போகவும் மாட்டார். சில்க் போர்டு நெரிசலில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தவர் ஃபோல்டு செய்யவா வந்திருக்கிறார்?

அடித்து ஆடுபவர். நீங்கள் செக் சொன்ன உடனே அவர் கை சிப்புக்குப் போகும். கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் கட்டுவார்.

பயந்தாங்கொள்ளி. நல்ல கை இல்லாவிட்டால் மூணு சீட்டுப் பாஷையில் பேக் அடித்துவிடுவார். இவர் இரண்டு சுற்று கால் போட்டாலே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025இல் மத்திய சட்டம் நிறுத்திவிட்டது. எதிராளியின் பழக்கத்தைச் சதவீதமாகத் திரையில் காட்டும் வசதியும் அதோடு போயிற்று. இனி கண்ணால்தான் எண்ண வேண்டும். இருபது முப்பது கை பார்த்தால் போதும். மற்றவர் செக் செய்தால் இவர் கட்டுகிறாரா? கட்டிய பெட்டுக்கு எந்தக் கையோடு கால் போட்டார், கடைசியில் எதைத் திருப்பிக் காட்டினார்? நீங்கள் ஃபோல்டு செய்த கைகளில் ஃபோனை நோண்டாமல் இதைப் பாருங்கள்.

அடுத்தது கிக்கர். ராஜா-ராணியும் ராஜா-6ம் பெயருக்குத்தான் ஒரே டாப் பேர். பிறகு போர்டில், அதாவது பொதுச் சீட்டுகளில், ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து), ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து) வாய்ப்பு எவ்வளவு இருக்கிறது என்பது. அதற்குப் பிறகு, ஃப்ளாப் விழும்போது பாட்டைப்போல் எத்தனை மடங்கு சிப் மீதம் இருக்கிறது என்பது. நம் உதாரணத்தில் 9,600 மீதம், பாட் 950. ஏறக்குறைய பத்து மடங்கு. நான்கு மடங்குக்குக் கீழே இருந்தால் டாப் பேரோடு மொத்தமும் உள்ளே போகலாம். பத்து மடங்கு இருக்கும்போது மொத்த ஸ்டாக்குக்கு ஒற்றை ஜோடி பெரும்பாலும் தாங்காது.

## வழி ஒன்று: நாமே கட்டிக்கொண்டு போவது

ஷோ கேட்பவருக்கு எதிராக இதுதான் வழி. மற்ற இரண்டும் அவரிடம் நஷ்டம்.

ஃப்ளாப்பில் 650 கட்டுங்கள். கால் வந்தால் பாட் 2,250. டர்னில் ஸ்பேட் 2 விழுகிறது. அது யாருக்கும் உதவாத சீட்டு. 1,500 கட்டுங்கள். கால் வந்தால் பாட் 5,250. ரிவரும் சாதுவான சீட்டு என்றால் 2,600. மொத்தம் 4,750 வாங்கியிருப்பீர்கள். அதே ஆள் கையில் ராஜா-9 இருந்து நீங்கள் செக் செய்துகொண்டே போயிருந்தால், அவர் ஒரு சுற்றில் 500 கட்டுவார், டர்னில் அவரும் செக் சொல்வார், ரிவரில் உங்களுடைய சின்ன பெட்டுக்குக் கால் போடுவார். ஆயிரம், ஆயிரத்தைந்நூறோடு கை முடிந்துவிடும்.

அவரிடம் என்னென்ன கை இருக்க முடியும் என்று எண்ணிப் பார்த்தால் இந்த வழியின் பலம் தெரியும். ஒரு ராஜா உங்கள் கையில், ஒன்று போர்டில். மீதம் இரண்டு. ஆகவே ராஜா-ஜாக்கி 8 விதம், ராஜா-10 8 விதம், ராஜா-9 8 விதம். மொத்தம் 24 விதத்தில் உங்களுக்குக் கீழான டாப் பேர் அவரிடம் இருக்கலாம். இன்னொரு பக்கம், உங்களை மிஞ்சுபவை: 8 ஜோடி 3 விதம், 5 ஜோடி 3 விதம், ஆஸ்-ராஜா 8 விதம். ஆஸ்-ராஜா இருந்தால் ஃப்ளாப்புக்கு முன்பே திருப்பி ரெய்ஸ் அடித்திருக்கும் ஆட்கள் நிறைய, அதனால் அந்த எட்டும் முழுதாக நிற்காது. ராஜா-8, ராஜா-5 என்று எதையும் விடாதவராக இருந்தால் அவற்றில் ஒவ்வொன்றும் 6 விதம். இத்தனையையும் சேர்த்த பிறகும், வெறும் 8 வைத்துக்கொண்டு வருபவர்களையும் இரண்டு டைமண்டோடு வருபவர்களையும் கணக்கில் எடுத்தால் தராசு உங்கள் பக்கம்தான் சாய்கிறது.

பெட் அளவில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பொசிஷன் (பின்னால் பேசும் வசதி) இல்லையே என்ற பயத்தில் 950 பாட்டுக்கு 200 கட்டுவது. இரண்டு டைமண்ட் வைத்திருப்பவருக்கு அடுத்த சீட்டில் ஃப்ளஷ் விழ 47இல் 9 வாய்ப்பு, சுமார் 19 சதவீதம். 200க்குக் கால் போட அவருக்குத் தேவை 15 சதவீத வெற்றி வாய்ப்புதான். நீங்களே அவருக்குச் சரியான விலை கொடுத்துவிட்டீர்கள். 650 கட்டினால் தேவை 29 சதவீதமாக ஏறுகிறது. ஷோ கேட்பவர் இந்தக் கணக்கைப் போடமாட்டார். 200க்கும் வருவார், 650க்கும் வருவார். பிறகு ஏன் 200?

மறைந்திருக்கும் செலவு மூன்றாவது பெட்டில் இருக்கிறது. கிக்கர் ராணியோ ஆஸோ என்றால் மூன்று சுற்றும் கட்டலாம். ஜாக்கி, 10 என்றால் இரண்டு சுற்று முழுதாகவும், ரிவரில் பாட்டில் கால் பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கும் போதும். 9க்குக் கீழே என்றால் ஒரு சுற்று, அதிகம் போனால் இரண்டு. அதற்கு மேல் கட்டினால் கால் போடுபவர்களில் பாதிப் பேர் உங்களைவிட நல்ல கையோடுதான் வருவார்கள். ரிவரில் மூன்றாவது டைமண்டோ ஆஸோ விழுந்தாலும் அளவைச் சுருக்குங்கள் அல்லது செக் சொல்லுங்கள். செக் சொன்ன பிறகு, அதுவரை கால் மட்டுமே போட்டுவந்தவர் திடீரென்று பெரிதாகக் கட்டினால் மறுபேச்சில்லாமல் ஃபோல்டு.

இந்த வழி லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிப்பது அவர் ரெய்ஸ் செய்யும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான். சாயங்காலத்திலிருந்து ஒரு தடவைகூட ரெய்ஸ் செய்யாதவர், டர்னில் உங்கள் 1,500ஐ 3,000 ஆக்குகிறார். பார்த்தால் மலிவு: இன்னும் 1,500 போட்டால் 6,750 கிடைக்கும், 18 சதவீதம் ஜெயித்தால் போதும். ஆனால் அவரிடம் ராஜா-8 இருந்தால் உங்களைக் காப்பாற்ற மீதமுள்ள 44 சீட்டில் மூன்று ராணிதான். 7 சதவீதம்கூட வராது. செட் இருந்தால் அதுவும் இல்லை. ரிவரில் இன்னொரு பெட் காத்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்களே, போக்கர் டேபிளில் அது அச்சு அசலாகப் பொருந்தும்.

ரிவரிலும் அதே கதை. உங்கள் 2,600க்கு அவர் மீதமுள்ள 7,450ஐயும் தள்ளினால், நீங்கள் மேலும் 4,850 போட வேண்டும். நான்கில் ஒரு தடவை அவர் பொய் சொல்கிறார் என்றால்தான் அந்தக் கால் சரி. ஷோ கேட்பவர் ரிவரில் பொய் ரெய்ஸ் அடிப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறீர்கள்?

பயந்தாங்கொள்ளியிடம் இதே வழியைச் சுருக்கி ஆடலாம். ஃப்ளாப்பில் பாட்டில் பாதி கட்டுங்கள். கால் வந்தால் டர்னில் இன்னொரு தடவை, கிக்கர் நன்றாக இருந்தால் மட்டும். பெரும்பாலும் முதல் பெட்டிலேயே பாட் உங்களிடம் வந்துவிடும்.

## வழி இரண்டு: செக் செய்து கால்

அடித்து ஆடுபவரிடம் இதைவிட நல்ல வழி இல்லை. அவர் கையில் ராணி-10 மாதிரி எதுவும் ஒட்டாத சீட்டு இருக்கும்போது நீங்கள் 650 கட்டினால் அவரும் விலகிவிடுவார்; வரவு பூஜ்யம். செக் சொன்னால் அவரே 600 கட்டுவார். கால். பாட் 2,150. டர்னில் செக், அவர் 1,400. கால். ஒன்றுமில்லாத கையிலிருந்து 2,000 வந்துவிட்டது.

ரிவரில் அவர் 3,500 கட்டினால்? பாட் 4,950. நீங்கள் கால் போட 29 சதவீதம் ஜெயித்தால் போதும், அதாவது பத்தில் மூன்று. உண்மையிலேயே அடித்து ஆடுபவர் என்றால் கால் போடலாம். டைமண்டும் ஸ்ட்ரெய்ட்டும் விழாமல் போன ரிவர் என்றால் இன்னும் தைரியமாகப் போடலாம். அவர் இரண்டு சுற்று கட்டிவிட்டு ரிவரில் ஒரு நிமிடம் யோசித்துப் பெரிதாகக் கட்டும் சாதாரண ஆள் என்றால், அது உண்மையான கைதான்.

செலவு எங்கே? முதலாவது, இலவசச் சீட்டு. அவரும் செக் சொல்லிவிட்டால் நீங்கள் ஒரு சுற்றுப் பெட்டையும் இழந்தீர்கள், டைமண்ட் வைத்திருப்பவருக்கு ஒரு சீட்டைக் காசில்லாமலும் காட்டினீர்கள். டைமண்ட் இரண்டு கிடக்கும் நம் போர்டில் இது கனமான செலவு. ராஜா-7-2 என்று மூன்றும் வெவ்வேறு சின்னமாக விழுந்திருந்தால் செலவு அற்பம். இரண்டாவது, விலையை அவர் நிர்ணயிக்கிறார். பாட் 2,150 இருக்கும்போது ஒருவர் 300 கட்டுவார், இன்னொருவர் 4,000 கட்டுவார். இரண்டுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பொசிஷன் இல்லாத கஷ்டம் முழுதாகத் தெரிவது இந்த வழியில்தான்.

கிக்கர் மோசமான டாப் பேருக்கும் இந்த வழி பொருந்தும். ராஜா-6 வைத்துக்கொண்டு மூன்று பெட் கட்டமுடியாது. பொய்க்காரர் ஒருவர் எதிரில் இருந்தால் இரண்டு தடவை கால் போட்டுப் பார்க்கலாம்.

## வழி மூன்று: செக்-ரெய்ஸ்

சுருக்கமாகச் சொன்னால், ஸ்டாக் சின்னதாக இருந்தால் மட்டும்.

அவர் 600 கட்ட, நீங்கள் 2,100 ஆக்குகிறீர்கள். ராஜா-9 வைத்திருக்கும் அடித்து ஆடுபவர்கூட இப்போது நின்று யோசிப்பார். ஒன்றுமில்லாதவர் ஓடிவிடுவார். கால் போட்டுத் தங்குபவர்களில் உங்களைவிட நல்ல கையின் பங்கு ஏறிவிடும். கால் வந்தால் பாட் 5,150, மீதம் 7,500. ஒற்றை ஜோடியோடு மொத்த ஸ்டாக்கையும் பணயம் வைத்துவிட்டீர்கள், இறங்கிவர வழியில்லை. இதில் இன்னொரு ஓட்டையும் உண்டு: அவர் கட்டினால்தான் நீங்கள் ரெய்ஸ் செய்ய முடியும். ஷோ கேட்பவர் பெரும்பாலும் கட்டமாட்டார்.

அதே கையை 4,000 சிப்போடு தொடங்கியிருந்தால் ஃப்ளாப்பில் மீதம் 3,600. அவர் 600 கட்டியதும் மொத்தத்தையும் தள்ளிவிடலாம். டைமண்டோடு இருப்பவரும், எந்த ராஜாவை வைத்திருப்பவரும் கால் போடுவார்கள். அங்கே செக்-ரெய்ஸ் பிரமாதம்.

## ஒரே பார்வையில்

| நிலைமை | நாமே பெட் | செக்-கால் | செக்-ரெய்ஸ் |
|---|---|---|---|
| ஷோ கேட்பவர் | முதல் தேர்வு, பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு | ஒரு சுற்று வரவு போகும் | அவர் பெரும்பாலும் கட்டமாட்டார் |
| அடித்து ஆடுபவர் | பொய்க் கைகளை விரட்டும் | முதல் தேர்வு | சின்ன ஸ்டாக்கில் மட்டும் |
| பயந்தாங்கொள்ளி | ஒன்று, அதிகம் போனால் இரண்டு | அவர் கட்டினால் ஜாக்கிரதை | வேண்டாம் |
| கிக்கர் 9க்குக் கீழே | ஒரு சுற்று | அடித்து ஆடுபவரிடம் மட்டும் | வேண்டாம் |
| ஃப்ளஷ் வாய்ப்புள்ள போர்டு | பெரிதாக | இலவசச் சீட்டு ஆபத்து | சின்ன ஸ்டாக்கில் நல்லது |
| மீதம் பாட்டைப்போல் 4 மடங்குக்குக் கீழே | மொத்தமும் போகலாம் | போர்டு வறண்டிருந்தால் | நல்லது |

## நாலைந்து பேர் ஃப்ளாப் பார்க்கும்போது

மேலே சொன்னது இருவர் கணக்கு. நிஜத்தில் நம் டேபிள்களில் ஐந்து பேர் 100 போட்டு ஃப்ளாப் பார்ப்பது சகஜம். நீங்கள் பிக் பிளைண்டில் ராஜா-9. பாட் 500. அதே ராஜா-8-5 விழுகிறது. யாரும் ரெய்ஸ் செய்யாத பாட்டில் உங்களுக்காகக் கட்டித்தர ஆள் இல்லை. செக் சொன்னால் சுற்றிவர எல்லாரும் செக் சொல்லிவிடுவார்கள். 350 நீங்களே கட்டுங்கள். இரண்டு பேர் கால் போட்டால் டர்னில் நிதானம்: சீட்டு சாதுவாக இருந்தால் இன்னொரு தடவை, இல்லாவிட்டால் செக். ஒருவர் ரெய்ஸ் செய்து இன்னொருவர் அதற்குக் கால் போட்டால், 9 கிக்கரோடு உங்களுக்கு அங்கே வேலையில்லை.

## நாலாவது வழி: ஃப்ளாப்புக்கு முன்பே

ஸ்மால் பிளைண்டில் ராஜா-ராணி. முன்னால் மூன்று பேர் 100 போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்களும் மிச்ச 50ஐப் போட்டு உள்ளே போனால் ஐந்து பேர், பாட் 500, மீதம் 9,900. பாட்டைப்போல் இருபது மடங்கு. டாப் பேர் விழுந்தாலும் ஒவ்வொரு சுற்றும் தலைவலி.

அதற்குப் பதில் 800க்கு ரெய்ஸ் செய்யுங்கள். கணக்கு இப்படி: அடிப்படை 400, முன்னால் வந்த ஒவ்வொருவருக்கும் 100, பொசிஷன் இல்லாததற்கு இன்னும் 100. இரண்டு பேர் கால் போட்டால் பாட் 2,600, மீதம் 9,200. இப்போது மூன்றரை மடங்கு. ராஜா விழுந்தால் பெரும்பாலும் இரண்டே பெட்டில் கை முடிந்துவிடும். பொசிஷன் இல்லாத நஷ்டம், பேச வேண்டிய சுற்றுகள் குறையக் குறைய அதுவும் குறைகிறது. இதே காரணத்துக்காக ராஜா-6, ராணி-7 மாதிரிக் கைகளை முதல் நாற்காலிகளிலும் ஸ்மால் பிளைண்டிலும் தொடாதீர்கள். டாப் பேர் விழுந்த பிறகு வரும் குழப்பத்தில் பெரும்பங்கு, ஆடியிருக்கவே வேண்டாத கைகளால் வருவது.

நாற்காலியும் கணக்கில் சேரும். ஆட்டம் கடிகாரச் சுற்றில் போவதால், உங்கள் இடப்பக்கம் இருப்பவர் உங்களுக்குப் பின் பேசுகிறார். எட்டுப் பேர் டேபிளில், ஒருவருக்கு உடனடி இடப்பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்தால், ஃப்ளாப்புக்குப் பின் அவர் உங்களுக்குப் பிறகு பேசுவது அவரே பட்டனில் இருக்கும் கையில் மட்டும், எட்டில் ஒன்று. அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தால் எட்டில் ஏழு கையில் அவர்தான் பின்னால். நிறையச் சிப்போடு அடித்து ஆடுபவர் எந்த நாற்காலியில் உட்காருகிறார் என்று பார்த்துவிட்டு, அவருக்கு இடப்பக்கத்து நாற்காலியில் உங்கள் பையை வையுங்கள். வீட்டு டேபிளில் இடம் யாரும் எழுதிவைப்பதில்லை. ஒயிட்ஃபீல்டிலிருந்து வருபவர்கள் எப்படியும் ஒன்பது மணிக்கு மேல்தான் வருவார்கள்.